கயிறு பிடித்தவனுக்கு முழு மதிப்பெண்

தூத்துக்குடியில் நான் பார்த்த முதல் முத்து பிளாஸ்டிக். விடுதியின் வரவேற்பு மேசையில் ஒரு கண்ணாடிக் கிண்ணத்தில் குவித்து வைத்திருந்தார்கள். "அசல் முத்து எங்கே கிடைக்கும்?" என்று கேட்டேன். மேசைக்குப் பின்னால் இருந்த பெண் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "முத்துக் குளிக்கிறதெல்லாம் நின்னு ரொம்ப வருசமாச்சுக்கா. இப்ப சங்குதான்" என்றாள். முத்து நகரத்துக்குப் போகிறேன் என்று மலேசியாவில் எங்கள் ஊர் ஈப்போ முழுக்கப் பீற்றிக்கொண்டு கிளம்பியவள் நான். தோழிகள் ஆளுக்கொரு ஜோடித் தோடு கேட்டிருந்தார்கள். வந்து இறங்கிய அன்றே மூக்குடைபட்டாயிற்று.

ஈப்போவில் ஒரு தனியார் கல்லூரியில் நான் வணிகம் சொல்லித் தருகிறேன். தூத்துக்குடிக் கல்லூரி ஒன்றோடு எங்களுக்கு ஓர் ஒப்பந்தம். அவர்கள் மாணவர்களுக்கு ஒரு பேச்சுப் போட்டி வைப்பார்கள். 'புத்தகத்தில் இல்லாமல் செய்து கற்றது என்ன?' என்பதுதான் தலைப்பு. ஒரு நிமிடத்துக்குள் சொல்லி முடிக்க வேண்டும். வெல்பவருக்கு எங்கள் கல்லூரியில் ஒரு பருவம் படிப்பு, தங்குமிடம், சாப்பாடு எல்லாம் இலவசம். அது முடிந்ததும் கிள்ளான் துறைமுகத்தில் ஒரு கப்பல் நிறுவனத்தில் பயிற்சிக்குச் சேர்த்துக்கொள்வார்கள். நடுவராகப் போகச் சொன்னார்கள். வேறு யாரும் லீவு போடத் தயாராக இல்லாததால் நான் போனேன்.

கல்லூரி வாசலில் பெரிய பேனர்: 'மின்தூக்கிப் பேச்சுப் போட்டி'. எலிவேட்டர் பிட்ச் என்பதை அப்படித் தமிழ்ப்படுத்தியிருந்தார்கள். போட்டியை நடத்திய பேராசிரியர் செல்வகுமார் ஏரல்காரர். அவருடைய குடும்பத்துக்கு அங்கே பாத்திரக்கடை. "லிஃப்ட்ல ஒரு பெரிய மனுசன் கூட மாட்டிக்கிட்டோம்னு வைங்க மேடம், அவர் எறங்குறதுக்குள்ள நம்ம விசயத்தச் சொல்லி முடிச்சிரணும். அதான் போட்டி" என்று எனக்கே விளக்கினார். "லிஃப்ட் எங்கே?" என்றேன். "நம்ம காலேஜ்ல லிஃப்ட் இல்ல மேடம்" என்றார். மாடிப்படியில் உட்கார்ந்திருந்த பையன்களில் ஒருவன் பக்கத்தில் இருந்தவனை இடித்து, "நீ எந்த மாடிலலே எறங்கப் போற?" என்றான். அந்தப் பயணத்தில் நான் வாய்விட்டுச் சிரித்தது அந்த ஒரு தடவைதான்.

மற்றபடி ஊர் என்னிடம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டுதான் இருந்தது. வானம் மழை பெய்வதாகவும் இல்லை, விலகுவதாகவும் இல்லை. உப்பளங்களில் வேலை நின்று, அழுக்குத் தண்ணீர் தேங்கிக் கிடந்தது. முதல் நாள் சாயங்காலம் சாப்பிட்ட பொரித்த புரோட்டா மட்டும் குறை சொல்ல இடம் தரவில்லை. எங்கள் ஊர்ப் புரோட்டாவான ரொட்டி சானாய் சாதுவான பிள்ளை. இது வம்புக்கு இழுக்கிற பிள்ளை. சால்னாவை மேலே ஊற்றியதும் உஸ்ஸென்று குடித்துவிட்டது. பரிமாறியவர், "இன்னொண்ணு வைக்கட்டா அக்கா?" என்று கேட்டுக்கொண்டே வைத்துவிட்டார்.

மறுநாள் முதல் சுற்று. எனக்கு வாய்த்த ஆட்டோ துறைமுகச் சாலையில் கன்டெய்னர் லாரிகளுக்குப் பின்னால் போய் மாட்டிக்கொண்டது. "முன்னால நிக்கது லாரி இல்லக்கா, ரயிலு" என்று ஓட்டுநர் எஞ்சினை அணைத்துவிட்டு வெற்றிலை போட ஆரம்பித்தார். ஆத்தூர் வெற்றிலை, எனக்கும் ஒன்று நீட்டினார். ஒரு நிமிடப் பேச்சைக் கேட்க வந்த நடுவர் ஒரு மணி நேரம் தாமதம். வாய் வேறு சிவந்திருந்தது.

மேசையில் என்னோடு இன்னும் இரண்டு நடுவர்கள், இருவரும் கப்பல் வியாபாரத்தில் ஊறியவர்கள். பிள்ளைகள் வரிசையாக வந்தார்கள். துறைமுகத்தில் பயிற்சிக்குப் போனவர்கள் எல்லோரும் 'டீம் ஒர்க்' கற்றதாகச் சொன்னார்கள். வங்கிக்குப் போனவர்கள் 'டைம் மேனேஜ்மென்ட்' கற்றிருந்தார்கள். எங்கள் ஊரிலும் பிள்ளைகள் இதையேதான் ஒப்பிப்பார்கள். கொட்டாவியை மறைக்க நான் தண்ணீர் குடித்துக்கொண்டே இருந்தேன்.

அப்போதுதான் கில்பர்ட் வந்தான். கறுத்து மெலிந்த பையன். மதிய வகுப்பு மாணவன் என்றும், தினமும் விடியலில் கடலுக்குப் போய்விட்டுத்தான் கல்லூரிக்கு வருகிறான் என்றும் செல்வகுமார் என் காதில் சொன்னார். அவன் யாருக்கும் வணக்கம் வைக்கவில்லை. நேரே தொடங்கிவிட்டான்.

"எங்க மச்சான் தண்ணிக்கடியில சங்கு எடுக்காரு. நான் வள்ளத்துல இருக்கேன். எங்க ரெண்டு பேருக்கும் நடுவுல ஒரு கயிறு, ஒரு காத்து டியூபு. அவரால பேச முடியாது, என்னால அவரப் பாக்க முடியாது. கயிறு ஒரு தடவ ஆடுனா, நல்லாருக்கேன்னு அர்த்தம். ரெண்டு தடவ ஆடுனா, தூக்குன்னு அர்த்தம். ஆடவே இல்லன்னா? சங்கு பொறுக்குற மும்முரத்துல மறந்துட்டாரா, மயங்கிக் கெடக்காரா? அத என் கைதான் கண்டுபிடிக்கணும். பதறித் தூக்கிட்டா அவரு நரம்பு கெட்டுப்போவும். தூக்காம விட்டா ஆளே போயிருவாரு. இதத்தான் நான் கத்துக்கிட்டேன். லாஜிஸ்டிக்ஸ்னா சரக்கப் பத்திரமாக் கொண்டு சேக்குறதுன்னு காலேஜ்ல சொல்லித் தாராங்க. எனக்கு மொத சரக்கு எங்க மச்சான். தெனமும் எங்க அக்காகிட்டக் கொண்டு சேக்கேன்."

கூடத்தில் யாரும் கை தட்டவில்லை. தட்டத் தோன்றவில்லை. முதல் சுற்றில் தேறியவர்கள் பட்டியலில் அவன் பெயரை நான்தான் முதலில் எழுதச் சொன்னேன்.

பிறகு டீ குடிக்கும் இடத்தில் அவனைப் பிடித்தேன். "உனக்குக் கடல் ரொம்பப் பிடிக்குமோ?"

"பிடிக்காது மேடம்" என்றான் பட்டென்று. "ஏசி ரூம்ல உக்காந்து, எந்தக் கப்பல் எங்க வருது, எங்க போவுதுன்னு கம்ப்யூட்டர்ல பாக்கணும். கையில கயிறு இருக்கக்கூடாது. இந்தச் சான்ஸ விட்டா எனக்கு வேற வழி கெடையாது மேடம்."

மூன்றாம் நாள் போட்டி இல்லை. செல்வகுமார் என்னைக் காயல்பட்டினத்துக்குப் பஸ்ஸில் அழைத்துப் போனார். அவருடைய சிநேகிதர் ஒருவர் அங்கே கடை வைத்திருந்தார். உள்ளே நுழைந்ததுமே, "வாங்க, பசியாறியாச்சா?" என்று கேட்டார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. மலேசியாவில் காலைச் சாப்பாட்டுக்கு நாங்கள் சொல்கிற சொல். தமிழ்நாட்டில் நான் போன வேறு எந்த ஊரிலும் கேட்டதில்லை. யாரோ பெயர் சொல்லிக் கூப்பிட்டது போல மனசு குளிர்ந்தது, மற்றபடி அந்தக் காலைப்பொழுது வெறிச்சோடித்தான் இருந்தது. குறுகிய சந்துகளில் ஸ்கூட்டரில் பள்ளிக்கூடப் பிள்ளைகளும் வயசானவர்களும்தான் போனார்கள். நடுவயது ஆண்களைத் தேட வேண்டியிருந்தது. "எல்லாரும் துபாய், சவூதின்னு சபர்ல இருக்காங்க. இந்தத் தெருவுல ராத்திரிச் சோறே போன்ல அவங்க மொகத்தப் பாத்துக்கிட்டுதான்" என்றார் கடைக்காரர், சிரிக்காமல்.

மதியம் திரும்பும் வழியில், சங்குக் குளிப்பவர்கள் கரையேறும் இடத்தைப் பார்க்க வேண்டும் என்று நான்தான் அடம் பிடித்தேன். கில்பர்ட்டின் வள்ளம் அப்போதுதான் வந்துகொண்டிருந்தது. அவன் மச்சான் லூர்து ஆஜானுபாகுவான மனிதர். தண்ணீரில் குதித்து வள்ளத்தைத் தள்ளியபோது ராஜா மாதிரி இருந்தார். மணலில் கால் வைத்ததும் நொண்டினார். என்னை யாரென்று கில்பர்ட் சொன்னதும், "இவனா பேசுதான்? வீட்டுல வாயில கொழுக்கட்ட வச்ச மாதிரிலா இருப்பான்! ஏலே, டீச்சர்கிட்ட என்னப் பத்தி என்னத்தலே சொல்லி வச்ச?" என்று மைத்துனனின் தலையில் ஒரு தட்டுத் தட்டினார். அந்தத் தட்டிலேயே அவருடைய பெருமை தெரிந்தது.

கொஞ்சம் தள்ளி, வலை குவித்திருந்த இடத்தில் ஒரு பெண் நின்றாள். அவள்தான் லூர்துவின் மனைவி, கில்பர்ட்டின் அக்கா ரோஸ்லின். "தெனம் வந்து நிப்பா. ரெண்டு தலையும் வந்துட்டான்னு பாத்துட்டுத்தான் வீட்டுக்குப் போவா" என்றார் லூர்து. அவள் என்னைப் பார்த்துச் சிரிக்கவில்லை. வெகுநேரம் பார்த்தாள்.

அன்று சாயங்காலமே விடுதிக்கு வந்துவிட்டாள். வரவேற்பறை நாற்காலியின் நுனியில் உட்கார்ந்திருந்தாள், கையில் அந்த ஊர் முந்திரி இனிப்பான மக்ரூன் பொட்டலம். எனக்குச் சுருக்கென்றது. மதிப்பெண்ணுக்குச் சிபாரிசோடு வருகிற பெற்றோரை ஈப்போவிலேயே நான் நிறையப் பார்த்தாயிற்று. 'நாளைக்குப் போட்டி, இன்றைக்கு மக்ரூனா?' என்று வாயைத் திறப்பதற்குள் அவள் முந்திக்கொண்டாள்.

"டீச்சர், எந்தம்பிக்குப் பரிசு குடுத்துராதீங்க."

நான் எதிர் நாற்காலியில் உட்கார்ந்தேன்.

"முத்துக் குளிச்ச காலத்துலருந்தே கயிறு மச்சான் கையிலதான் டீச்சர். கூடப்பொறந்த அண்ணன் தம்பிகிட்டகூடக் குடுக்க மாட்டாவ. பொண்டாட்டி கூடப்பொறந்தவன்கிட்டதான் குடுப்பாவ. ஏன்னா, கயிற விட்டா அவன் அக்காலா தாலியறுப்பா? அந்தப் பயம் வேற எவனுக்கு இருக்கும்? எனக்கு இருக்கது இந்த ஒரே தம்பி."

"வேறு ஆளே கிடைக்காதாம்மா?"

"கெடைப்பாவ. நல்லவுகதான், நான் கொற சொல்ல மாட்டேன். ஆனா எந்தாலி போனா அவுகளுக்கு என்ன போச்சு? ஒரு மாலையப் போட்டுட்டு மறுநா வேற வள்ளத்துக்குப் போயிருவாவ."

"உன் வீட்டுக்காரரையே கடலுக்குப் போக வேண்டாம் என்று சொல்லலாமே?"

"சொல்லாமலா இருப்பேன்? தரையில ரெண்டு நா இருந்தா முட்டியெல்லாம் கொடையுதுங்காரு. தண்ணிக்குள்ள எறங்குனா வலி நிக்குதாம். என்ன சீக்கோ, என்ன எழவோ. கரையில அவரால ஒரு சோலியும் பாக்க முடியல டீச்சர்."

எனக்குக் கோபம் வந்தது. அவள் மேலா, அந்தக் கடல் மேலா என்று தெரியவில்லை. "இதையெல்லாம் உன் தம்பியிடம் சொல்லேன். என்னிடம் ஏன் வந்தாய்?" என்று சத்தமாகவே கேட்டுவிட்டேன். வரவேற்பு மேசைப் பெண் திரும்பிப் பார்த்தாள்.

ரோஸ்லின் குரலை உயர்த்தவில்லை. "அவன்கிட்டச் சொன்னா இருந்துருவான் டீச்சர். அதான் பயமே. இருந்துட்டு, காலம் பூரா எம் மூஞ்சியப் பாத்துப் பாத்துக் குமைவான். அவன் நல்லாருக்கணும்னு நாந்தான கோயில்ல மெழுகுதிரி ஏத்துதேன்? நீங்க வெளியூருக்காரங்க. நீங்க மார்க்கக் கொறச்சா அவன் உங்கள ஏசுவான். ஏசிட்டு மறந்துருவான்."

மக்ரூனை மேசையில் வைத்துவிட்டு எழுந்து போனாள். நான் அதைத் தொடவில்லை. அன்று எனக்குச் சோறும் இறங்கவில்லை.

இறுதிச் சுற்றில் கில்பர்ட் முந்திய பேச்சையே இன்னும் நன்றாகப் பேசினான். ரோஸ்லினும் லூர்துவும் கடைசி வரிசையில் இருந்தார்கள். அன்று அவர்கள் வள்ளம் கடலுக்குப் போகவில்லை. கயிறு பிடிக்கிறவன் போட்டிக்கு வந்துவிட்டால் எப்படிப் போகும்? மற்ற இரண்டு நடுவர்களுக்கும் கிடங்கைச் சீராக வைப்பது பற்றிப் பேசிய ஒரு பெண்பிள்ளையைத்தான் பிடித்திருந்தது. அவளும் கெட்டிக்காரிதான். செல்வகுமார் கூட்டிப் பார்த்துவிட்டு என் பக்கம் குனிந்தார். "ரெண்டு பேரும் கிட்டத்தட்ட ஒண்ணா நிக்காங்க மேடம். நீங்க போடுறதுதான்."

பேனாவைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கடைசி வரிசையில் ரோஸ்லின் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். குறைத்துப் போடலாம். யாருக்கும் தெரியாது. அந்தப் பெண்பிள்ளை வருவாள், எங்கள் கல்லூரிக்கும் நல்ல பெயர் வரும். கில்பர்ட் என்னை ஏசிவிட்டு மறந்துவிடுவான். ஆனால் அவன் மறக்க மாட்டான் என்று எனக்குத் தெரியும். தன்னைவிட இன்னொருத்தி நன்றாகப் பேசினாள் என்று நம்பிக்கொண்டு, நாளைக்கு விடியலில் அதே கயிற்றைப் பிடிக்கப் போவான். பேசுகிற பிள்ளைக்கு மதிப்பெண் போடத்தான் என்னை அழைத்தார்கள். ஒரு மனிதனின் மூச்சை யார் கையில் கொடுப்பது என்று தீர்மானிக்க என்னை யாரும் அழைக்கவில்லை. முழு மதிப்பெண் போட்டேன்.

பெயர் அறிவித்தபோது லூர்து எழுந்து நின்று விசிலடித்தார். கில்பர்ட் மேடையில் அழுதான். ரோஸ்லினும் கை தட்டினாள். தட்டிக்கொண்டே முந்தானையால் முகத்தைத் துடைத்தாள்.

வாசலில் அவளைத் தவிர்த்துவிடலாம் என்று பார்த்தேன், முடியவில்லை. திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருந்தால் தேவலை. "நீங்க போட்டது சரிதான் டீச்சர். உங்க நாற்காலியில நான் இருந்தாலும் அதத்தான் போட்டிருப்பேன்" என்றாள்.

லூர்துவுக்கு எதுவும் தெரியாது. சந்தோஷத்தில் மிதந்துகொண்டிருந்தார். "பயல நல்லாப் பாத்துக்கிடுங்க டீச்சர். கயித்துக்கா ஆளு இல்ல? அதான் எம் பொண்டாட்டி இருக்காளே, அவளையே ஏத்திருதேன்!" என்றார். சுற்றி நின்ற ஆண்கள் சிரித்தார்கள். அந்தக் கரையில் பெண்கள் வள்ளத்தில் ஏறுவதில்லை. ஆகவே அது நல்ல நகைச்சுவை.

"வாரேன்" என்றாள் ரோஸ்லின்.

"எங்கன?"

"வள்ளத்துல. நானே புடிக்கேன்."

இப்போது இன்னும் பலமாகச் சிரித்தார்கள். லூர்து அவள் தோளில் கை போட்டு, "ஏளா, பேசாம இரு, டீச்சர் நெசம்னு நெனச்சிருவாங்க" என்றார். நான் நிஜம் என்றுதான் நினைத்தேன். கில்பர்ட் சிரிக்கவில்லை. அக்காவின் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றான். அவளுடைய பயம் அவனுக்கு அப்போது விளங்கியிருக்க வேண்டும். "அக்கா, நான் போவல" என்று மெதுவாகச் சொன்னான். "போகலன்னா காலை முறிச்சிருவேன்" என்றாள் அவள். சான்றிதழை அவன் கையிலிருந்து வாங்கி, கசங்காமல் தன் பைக்குள் வைத்துக்கொண்டாள்.

ஐந்தாம் நாள் கிளம்பிவிட்டேன். தோடு வாங்கவில்லை. வழியெல்லாம் மூடிய வானம்.

கில்பர்ட் இப்போது ஈப்போவில் இருக்கிறான். நன்றாகப் படிக்கிறான். மலாய்கூடக் கொஞ்சம் பேசுகிறான். ஊரில் வேறு ஒருவர் கயிறு பிடிக்கிறார். கவனமான மனிதர் என்று அவனே சொன்னான். லூர்து கரையேறியதும் ரோஸ்லின் தம்பிக்கு ஒரே ஒரு சொல் அனுப்புவாள்: 'வந்தாச்சு'. அங்கே நண்பகல் என்றால் இங்கே மதியச் சாப்பாட்டு நேரம் முடிகிற வேளை. அது வரும்வரை அவன் சோற்றில் கை வைப்பதில்லை. ஞாயிற்றுக்கிழமை அவர்கள் கடலுக்குப் போவதில்லை. அன்று மட்டும் நேரத்துக்குச் சாப்பிடுகிறான்.

கேன்டீன் நடத்துகிற மலாய்க்கார அம்மாள் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "அந்தப் பையனுக்கு என் சமையல் பிடிக்கவில்லையா? தட்டை வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருக்கிறானே" என்று வருத்தத்தோடு கேட்டாள். அதெல்லாம் இல்லை என்றேன்.

அன்றிலிருந்து நானும் போய் அவன் எதிரே உட்கார்ந்துகொள்கிறேன். பாடத்தைப் பற்றி, பஸ்ஸைப் பற்றி, மழையைப் பற்றி எல்லாம் பேசுகிறோம். தொலைபேசி எங்கள் இருவருக்கும் நடுவில் கிடக்கும். 'வந்தாச்சு' இதுவரை ஒரு நாளும் தவறாமல் வந்துவிட்டது. அவன் சோற்றைப் பிசைவான், நானும் பிசைவேன். மறுபடியும் அந்தப் பேனாவை என் கையில் கொடுத்தாலும் அதே மதிப்பெண்ணைத்தான் போடுவேன். ஆனால் அந்தச் சொல் வராத நாளில் என்ன செய்வது என்று நாங்கள் இருவரும் ஒரு தடவைகூடப் பேசியதில்லை.